ஐந்தாவது கம்பி

அன்பு மச்சான் றெஜிக்கு,

இவ்வளவு நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி ஏலாது. உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எல்லாரும் எழுதுகிறார்கள். பங்குத்தந்தை எழுதிவிட்டார். துறைமுகத்தில் உன்னோடு வேலை செய்தவர்கள் எழுதிவிட்டார்கள். எல்லாவற்றிலும் நீ சிரித்தபடி பாடிக்கொண்டிருக்கிறாய். உன் மனைவி, என் தங்கை, என்னிடமும் ஒரு பக்கம் கேட்டாள்.

"அண்ணா, இருபது வருசமா அவருக்குப் பின்னால நிண்டு பேஸ் கிற்றார் வாசிச்சனீங்கள். நீங்கள் எழுதாட்டி ஆர் எழுதுறது?"

அடித்தொனி தரும் நாலு கம்பிக் கிற்றாரோடு பின்னால் நின்றது உண்மைதான். கலியாண வீட்டுப் படங்களில் என் பாதி முகம்கூட விழுந்ததில்லை. அதற்காக நீ ஒருநாளும் வருந்தியதுமில்லை.

போன வருடம் பாட்டுகளின் சுருதியை இறக்கச் சொன்னாய். முதலில் ஒரு படி. இரண்டு மாதத்தில் இன்னொரு படி. உன் குரல் மேலே போக மறுத்தது. அடியில் மட்டும் ஒரு கரகரப்பு, ஒரு கனம். வயதோடு வந்த அழகு என்று எல்லாரும் ரசித்தார்கள். நான் அதை உன் பகட்டு என்று நினைத்தேன். கடைசியில் பாட்டின் அடிச்சுரமே என் நாலு கம்பிக்கும் கீழே போய்விட்டது. உன் லிங்கநகர் வீட்டில் நம் இசைக்குழு ஒத்திகையில் எல்லார் முன்னாலும் சொன்னாயே, நினைவிருக்கிறதா?

"மச்சான், உன்ர பேஸில ஆழம் காணாது. இவ்வளவு ஆழமான துறைமுகத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டு முழங்கால் தண்ணியில நிக்கிறாய்."

"ஐஞ்சு கம்பி உள்ளதை வாங்கித் தா, நீந்திக் காட்டுறன்."

"வாங்கிறதேன்? பொறியியல் படிச்சவன்தானே நீ, ஒரு ஓட்டை போட ஏலாதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் துளையைப் போட்டது. கிற்றாரின் தலையில் ஐந்தாவது முறுக்காணிக்கு இடம் எடுத்தேன். கம்பிகள் தங்கும் மேல்துண்டை மாட்டெலும்பில் செய்தேன். கிண்ணியா இறைச்சிக்கடையில் எலும்பு வாங்கி, குசினியில் அவித்து, காயவைத்து, ஐந்து வெட்டு அராவினேன். வீடு முழுக்க நாற்றம். நாலு கம்பிக்கென்று செய்த கழுத்தில் ஐந்தும் நெருங்கி நின்றதால், ஒரு கிழமையாக என் விரல் பிழையான கம்பியிலேயே விழுந்தது. ஆனால் அந்தத் தடித்த கம்பியைத் தட்டியபோது நீ இருந்த கதிரை அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "இனி ஆழம் காணும் மச்சான்" என்றாய்.

இன்னும் நாலு மாதம் பாடினாய்.

செத்தவீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. தொண்டையில் புற்றுநோயாம். குரல்வளையை எடுத்தால் தப்பலாம் என்று வைத்தியர் சொன்னாராம், நீ மறுத்தாயாம். கீபோட் வாசிப்பவனுக்குத் தெரியும். டிரம்ஸ்காரனுக்குத் தெரியும். என் சொந்தத் தங்கைக்குத் தெரியும்.

"எனக்கேன் சொல்லேல்லை?" என்று அவளைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சா கம்பி போடமாட்டீங்கள், பிடிச்சு ஆசுப்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவீங்கள் எண்டவர்."

ஓம். இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன்.

மலரில் யாரும் எழுதாததை நான் எழுதுகிறேன். அந்தக் கம்பி தந்த கீழ்ச்சுருதி இல்லாவிட்டால் உன்னால் பாடியிருக்க ஏலாது. பாட ஏலாமல் போயிருந்தால், வேறு வழியில்லாமல் சத்திரசிகிச்சை மேசையில் படுத்திருப்பாய். பேச்சில்லாமல், எரிச்சலோடு, என்னைத் திட்டுவதைக் கடதாசியில் எழுதிக் காட்டிக்கொண்டு உயிரோடு இருந்திருப்பாய். இருந்திருப்பாயா? என் கையாலேயே அந்த வழியை அடைக்கவைத்தாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

இப்போது பாட வந்திருப்பவர் நல்ல உயரத்தில் பாடுகிறார். ஐந்தாவது கம்பிக்கு வேலையில்லை, கழற்றிவிடு என்கிறார்கள். கழற்றினால் மரத்தில் துளை இருக்கும். வாசிக்க எடுத்தாலே கை கூசுகிறது.

உன்னை மன்னிப்பேன் என்று வாக்குத் தரமாட்டேன். ஒன்று மட்டும் தருகிறேன்: இனி எவன் சுருதியை இறக்கச் சொன்னாலும், முதலில் அவன் வாயைத் திறக்கவைத்துத் தொண்டையைப் பார்ப்பேன்.

அடியில் 'உன் அன்பு மச்சான்' என்று எழுதி, வெட்டிவிட்டேன். டிரம்ஸ்காரனுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லாமல் போனவனுக்கு நான் என்ன முறை? எழுத்தைப் பார்த்தே தங்கை கண்டுபிடிப்பாள். கண்டுபிடிக்கட்டும். மலருக்கான பக்கமாக இதையே, பெயர் போடாமல், நாளைக் காலை அவளுக்குத் தபாலில் சேர்க்கிறேன்.