கூரைப் பட்டையும் நாங்களும்

15 அக்டோபர் 2006

ராத்திரி மழையில் வண்டிக்குள் மறுபடியும் தண்ணீர். பின்சீட்டு ஊறிக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் பீம்ராவ் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜூனில் பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்ததிலிருந்து இப்படித்தான். பேச்சு வராமலில்லை, பேசுவதில்லை. அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி ஊரெல்லாம் சுற்றிய மனுஷன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு முழுக்கக் கேட்கும், அவர் சிரித்தால். புருஷன் பக்கத்திலேயே இருந்தும் வீடு காலியாக இருக்குமா? இருக்கிறது.

18 அக்டோபர்

"வித்துடு" என்றார் காலையில். அவ்வளவுதான். எண்ணூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பொன்னுரங்கம் அடுத்த வாரம் பார்க்க வருகிறாராம். ஒழுகுகிற வண்டியை எவன் வாங்குவான்?

20 அக்டோபர்

தீபாவளிக்கு எங்கள் தையல் யூனிட் லீவு. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கூரையின் இரண்டு ஓரத்திலும் சாமான் கட்டுகிற கம்பி. கம்பியின் அடியை மூடி நீளமாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை. அதற்குள்தான் தண்ணீர் இறங்குகிறது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன். உள்ளே பிடித்திருந்த கிளிப் உடைந்தது. பெயிண்டும் கீறிவிட்டது.

மேலேயிருந்து ஒரு சத்தம்:

"ஏம்மே! அது இன்னா தேங்காயா, இந்த நெம்பு நெம்புறே? எறங்கு கீழ!"

இத்தனை பேச்சு கேட்டு மாசக்கணக்காகிறது! திட்டு வாங்கிக்கொண்டே சிரித்துவிட்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்து, படி இறங்கி அவரே வந்தார். நான் ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்.

"இரும்பு ஆவாது. மரமா எதுனா எட்தா."

தோசை திருப்பும் மரக்கரண்டியைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, முனையில் துணி சுற்றச் சொன்னார். வெயில் ஏறட்டும், பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும் என்று காத்திருந்தோம். பின் முனையிலிருந்து ஒவ்வொரு கிளிப்பாக நான் கிளப்ப, பட்டை வளைந்துவிடாமல் அவர் இடது கையால் தாங்கிக்கொண்டார். அடியில் சேறு, அழுகிய வேப்பிலை. கம்பி போல்ட்டின் ரப்பர் வாஷர்கள் வெடித்துக் கிடந்தன.

"பாத்தியா? இங்கதான் ஒழுவுது" என்றார். ஏதோ புதையல் கிடைத்த மாதிரி.

24 அக்டோபர்

யூனிட் விட்டு புதுப்பேட்டை வண்டி பார்ட்ஸ் கடைக்குப் போய் கிளிப்பும் வாஷரும் வாங்கி வந்தேன். பஸ்ஸில் ஒரே கூட்டம்.

28 அக்டோபர்

போல்ட் துளைகளுக்குப் பசை பூசி, புது வாஷர் போட்டு, பட்டைகளைத் திரும்ப மாட்டினோம். "முன்பக்கத்த மொதல்ல குந்த வையி. அப்பால பின்னால வா" — வாத்தியார் தோரணை. உள்ளங்கையால் அழுத்த அழுத்த, டக், டக்கென்று உட்கார்ந்தது. கடைசிக் கிளிப் மட்டும் அடம். அவர் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். அழுத்த வலு போதவில்லை. நான் அந்தக் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். டக்.

கையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எதிர் பிளாக் அஜீசா பால்கனியிலிருந்து, "இன்னா மாமு, நடுத்தெருவுல இன்னொரு கல்யாணமா?" என்று கத்தினாள். அவர் சிரித்தார் பாருங்கள் — எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

29 அக்டோபர்

பொன்னுரங்கம் குடம் குடமாகக் கூரைமேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாசலில் வண்டி நின்ற இடம் வெறிச்சென்று இருந்தது. அழுதேன்.

"வண்டி போனா இன்னாம்மே? நான் கீறேன்ல."

12 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை. மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது பொன்னுரங்கம் வந்து நிற்கிறார், வேறொரு வண்டியோடு. அவர் தம்பியுடையது. அதுவும் ஒழுகுகிறதாம். "அண்ணி, நீங்க ரெண்டு பேரும் சேந்தே பாத்துக் குடுத்துடுங்கோ."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் சரியென்றுவிட்டார். நான் இதை எழுதி முடிப்பதற்குள் கீழேயிருந்து மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறார்:

"ஏம்மே, தொழிலுக்கு வர்றியா, இல்லியா?"