அலையாத்திக்குப் பின்னால்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் இறால்களும் நலம். உன் அண்ணன் கண்ணை மூடியபின் என் பேச்சைக் கேட்க அவைதான் மிச்சம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து அளவையாளர் வந்தார். இறால் குளங்களுக்குப் புது விதியாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? கரை அரிக்காமல் இருக்க நான் நட்ட அலையாத்தி மரங்களைக் காட்டி, "எல்லாம் என் கையால நட்டது சார்" என்று பீற்றிக்கொண்டேன். அவரும் நிழலில் நின்று டீ குடித்துவிட்டு, "அருமையா வளர்த்திருக்கீங்கம்மா. ஆனா அலையாத்தியை ஒட்டிக் குளம் இருக்கக் கூடாது. மூடிடுங்க" என்றார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை! மரத்தை வெட்டினால் தண்டனையாம். வெட்ட எனக்கும் மனசு வராது.

பின்னால் தள்ளிக் குளம் வெட்டினால் அனுமதி உண்டு. பின்னால் இருப்பது உன் பங்கு நிலம். நீ அதை விற்கப் பேசியிருப்பதாகக் கேள்வி. இந்தக் குளம்தான் எனக்குச் சோறு. குத்தகைக்குத் தருவாயா? முடியாதென்றால் கோபிக்க மாட்டேன். சரி, கொஞ்சம் கோபிப்பேன்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வேலை முடிந்து வந்தால் பேசத் தெம்பிருப்பதில்லை, மன்னியுங்கள். "கொஞ்சம் கோபிப்பேன்" என்று படித்ததும் பேருந்திலேயே சிரித்துவிட்டேன்.

இங்கே வீடு வாங்கத்தான் விற்க நினைத்தேன். விலை பேசியவரிடம், "நிலத்தைக் குடுக்கறதா இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். வாடகை வீட்டில் எனக்கென்ன குறை? குத்தகை என்று எழுதினீர்களே, அதற்குத்தான் உங்கள் மேல் கோபம். பேசாமல் குளத்தை வெட்டுங்கள்.

புருஷன் வீட்டை விட்டு ஒரே பையோடு உங்கள் வாசலில் வந்து நின்றேனே, நினைவிருக்கிறதா? அண்ணன்கூட "என்ன ஆச்சு?" என்றார். நீங்கள் "முதல்ல கை கால் கழுவிட்டுச் சாப்பிடு" என்று தட்டை வைத்தீர்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. வாயாடியாம் வாயாடி!

உங்கள்
வாயாடி

ஜூலை 20

அன்புள்ள வாயாடிக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது. நேற்று மடையைத் திறந்தோம். உன் நிலத்தில் தண்ணீர் ஏறியதும் வாய்விட்டு அழுதேன். அளவையாளர் பயந்துபோய், "ஏம்மா, அளவுல ஏதும் தப்பா?" என்றார். "இல்ல சார், என் நாத்தனாரை நெனச்சுக்கிட்டேன்" என்றேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

பழைய குளத்தின் கரையை உடைத்துவிட்டோம். அங்கேயும் அலையாத்தி நடப்போகிறேன். இனி யாரிடமும் காட்டிப் பீற்றிக்கொள்ள மாட்டேன்.

விதிப்படி குளக்கரையில் ஒரு காவல் அறை கட்டலாம். காவலுக்கு ஆள் யார் என்று கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். அறையைக் கட்டிக் கட்டிலும் போட்டாயிற்று, சன்னல் கடல் பக்கம். நீ எப்போது வந்தாலும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன்.

உன்
அண்ணி