ஓடைத் தலையில் நட்ட தைலமரங்கள்

அத்தான், இன்று காலை அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தைலமர வாடை வீடு முழுக்கப் பரவியது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்கிறார்கள். எனக்கு அந்த நல்ல பழக்கம் இன்னும் வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தீர்கள். களக்காட்டுக்கு மேற்கே காட்டில் வனவர் வேலை. காக்கிச் சட்டை மாப்பிள்ளை என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காட்டிலிருந்து இறங்கும் ஓடையை நம்பித்தான் அவருடைய வாழைத் தோட்டம் இருந்தது. சித்திரை வெயிலிலும் அதில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும்.

ஓடையின் தலைப்பில் ஒரு புல்வெளி. கோடையிலும் அங்கே கால் புதையும். மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு பையப் பைய விடுகிற இடம் அது. நீங்கள் சரிவில் நட்ட தைலமரக் கன்றுகள் கருகிப்போயின. மேலதிகாரி பார்வையிட வரும்போது பச்சையாக நிற்க வேண்டுமே! வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்துவிட்டு, புதுக் கன்றுகளை அந்தப் புல்வெளியில் கொண்டுபோய் நட்டீர்கள். ஈரத்தில் ஒரு கன்றும் சாகவில்லை. உங்களுக்குப் பாராட்டும் கிடைத்தது.

மரங்கள் வளர வளர ஓடை மெலிந்தது. சில வருடங்களில் மாசியிலேயே மணல் தெரிந்தது.

அப்பா உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் எப்படிக் கேட்பது என்பார். கொழுந்தியாளான எனக்கு மட்டும்தான் அந்த உரிமை, அதுவும் கேலி என்ற பெயரில்.

"ஓடையவே குடிச்சிட்டு வந்திருக்கீயளே அத்தான், காப்பி வேற வேணுமாக்கும்?" என்று கேட்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "கொழுந்தியாளுக்கு வாய் ரொம்ப நீளுது மாமா. மழை கெட்டுப் போச்சு, அதுக்கு மரம் என்ன செய்யும்?"

"ஏட்டி, மாப்பிள்ளைட்ட என்ன பேச்சு? உள்ள போ" என்றார் அப்பா.

நான் கேலி செய்யவில்லை அத்தான். சண்டை போட்டேன்.

மழை கெட்டது நிஜம்தான். இன்று இன்னும் கெட்டிருக்கிறது. ஆனியில் சாரல் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிறகு ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டுகிறது. ஓடை செம்மண்ணை வாரிக்கொண்டு பாய்ந்துவிட்டு, மறுவாரமே காய்ந்து கிடக்கிறது. வானம் கைவிடுகிற காலத்தில்தானே அந்தப் புல்வெளி வேண்டும்? மாமனார் தோட்டத்துக்கு நேர் மேலே அதை அழித்துவிட்டு, கையை வானத்துப் பக்கம் காட்டினீர்களே, அந்தச் சாமர்த்தியத்தை நான் மன்னிக்கவே மாட்டேன்.

நான் அப்படிச் சண்டை போட்ட வருடக் கோடையில் வாழை குலை தள்ளாமலே சாய்ந்தது. தை பிறந்ததும் அக்காவுக்குப் பொங்கல்படி கொண்டுவந்தோம். கரும்பு, மஞ்சள் குலை, பச்சரிசி, ஒரு கதலித் தார். நீங்கள் ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "மாமா தோட்டத்துப் பழம்னா பழம்தான். தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு சும்மா சொல்லுதீயளே" என்றீர்கள்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடாத குறைதான். மூடிக்கொண்டேன்.

இப்போது அப்பாவும் இல்லை. இனி யார் மானத்துக்காக அடக்க வேண்டும்? அன்றிலிருந்து தொண்டையில் நிற்பதைச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தார் களக்காட்டுச் சந்தையில் வாங்கியது. எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் இலை அறுக்கக்கூட வாழை இல்லை.