ஊஞ்சல் பலகையின் உயரம்

வாலுவோட அப்பாவுக்கு,

எனக்கு ஒண்ணும் இல்ல, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா? அத்தை மாத்திரையை மறக்காம போட்டுக்கறாங்களா? நம்ம வாலு சொன்ன பேச்சு கேக்கறாளா, இல்ல உங்களை ஆட்டிப்படைக்கறாளா?

இங்க பூங்கா வேலை மும்முரமா நடக்குது. நடைபாதை தொடங்கற இடத்துல ஒரு வாசல், உக்காந்து சாப்பிட ஒரு கொட்டகை, நான் வரைஞ்ச ரெண்டு வரைபடத்தையும் ஆபீசர் உடனே ஒத்துக்கிட்டார். பிள்ளைங்க விளையாடற இடத்துலதான் சொதப்பிட்டேன். ஊஞ்சல் பலகை எவ்வளவு உயரத்துல தொங்கணும்னு அளவுப் புத்தகத்தைப் பார்க்கவே இல்ல. வாலு வயசுப் பிள்ளைங்களுக்குத்தானே, எனக்குத் தெரியாதான்னு, நான் ஊரைவிட்டுக் கிளம்பினப்போ பார்த்த அவ முட்டியை மனசுல வெச்சு வரைஞ்சுட்டேன்.

நேத்து தச்சர் மாதிரிக்கு ஒண்ணு மாட்டினார். பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தங்க தன் பொண்ணை அதுல உக்கார வெச்சாங்க. அவளுக்கும் வாலு வயசுதான். முட்டி வந்து தாடையில இடிக்குது!

"என்ன மேடம், தவழற குழந்தைக்கா கட்டறீங்க?"ன்னார் தச்சர். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். நேத்தே மாத்தி வரைஞ்சு கொடுத்தாச்சு, கவலைப்படாதீங்க.

போன்ல அவ மூஞ்சி மட்டும்தான் தெரியுது. அதனால ஒரு சின்ன உதவி. அவளைச் செவுத்தோட நிக்க வெச்சு, தரையிலருந்து முட்டி வரைக்கும் ஒரு நூலைப் பிடிச்சு வெட்டி, கவர்ல போட்டு அனுப்புங்க. அளவு எத்தனைன்னு எழுத வேண்டாம், நூலே வேணும்.

ஆபீஸ் வண்டி வந்துடுச்சு. மறந்துடாதீங்க, என்ன? வேலைக்குத்தான் கேக்கறேன்.