இடது கை எழுத்து

செஞ்சி

பாப்பாவோட நைனாவுக்கு,

போன்ல சொன்னா பாப்பா காதுல விழுந்துடும். அதான் காகிதத்துல எழுதுறேன்.

நேத்து ஸ்கூலுக்குக் கூப்பிட்டாங்க. மூணாவது படிக்கிறவளைப் பாடம் வாசிக்கச் சொன்னதும் பெஞ்சுக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கிட்டாளாம். வெளிய இழுத்த டீச்சரைக் கடிச்சிட்டாளாம். "பேர்கூட எழுதத் தெரியலம்மா. ஆன்லைன்ல மட்டும் எப்டி எழுதினா?"ன்னு கேட்டாங்க. அவ பையை எடுத்துக்கிட்டு அவளைக் கூட்டியாந்துட்டேன்.

கொரோனாவுல ஸ்கூல் மூடியிருந்த ரெண்டு வருஷமும் அவ வீட்டுப்பாடத்தை நான்தாங்க எழுதினேன். கூலிக்கு மல்லாட்டக் கடலை உரிச்சிட்டு வந்த களைப்புல, அவகூட மல்லுக்கட்ட முடியல. சின்னப் புள்ள எழுத்து மாதிரி இருக்கணும்னு இடது கையால எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவேன். டீச்சர் ஸ்டார் போடுவாங்க. அப்புறம் போனை அவ கையில குடுத்துடுவேன். இப்ப போனைப் புடுங்கினா செவுத்துல முட்டிக்கிறா.

மஸ்கட்ல உங்க கட்டிலுக்கு மேல ஒட்டி வெச்சிருக்கீங்களே, 'என் நைனா'ன்னு எழுதின பக்கம், அதைக் கிழிச்சிடுங்க.

இந்த லெட்டர்லயாவது 'நைனா'ன்னு அவளே எழுதட்டும்னு பென்சிலைக் குடுத்தேன். ரொம்ப நேரம் காகிதத்தையே பாத்துட்டு, ஒரு ஸ்டார் போட்டா. கீழ இருக்குது பாருங்க. அது மட்டும்தான் அவ கை.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா