நாணல்குழிக் காவல் முறைப்பட்டியல் வெளியே போனது

அனுப்புநர்:
சி. லாவண்யா (வயது 24),
செயலாளர், நாணல்குழி சதுப்புக் காவல் குழு,
பூண்டி, கொடைக்கானல் மேல்மலை.

பெறுநர்:
ஈரநிலப் பாதுகாப்பு அலுவலர்,
மேல்மலைப் பிரிவு.

பொருள்: சதுப்பைக் காக்கும் ஊர்மக்களுக்குப் பாதுகாப்புக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் காவல் முறைப்பட்டியலை உங்கள் அலுவலகம் வெளியே கொடுத்திருக்கிறது.

2. நாணல்குழியை ஊர்மக்களே காக்க வேண்டும் என்று குழு அமைக்கச் சொன்னவர் தாங்கள். கோடையில் எங்கள் பூண்டுத் தோட்டங்களுக்கு அந்தச் சதுப்பின் ஊற்றுதான் கதி. ஆகவே சம்மதித்தோம். வாரம் மூன்று நாள், ஆளுக்கொரு காலை, தவளையும் கொக்கும் எண்ணிக் குறித்தோம்.

3. விடுதி கட்டுபவர் லாரி லாரியாகச் சதுப்பில் மண் கொட்டியதைப் பற்றி மே 20 அன்று உங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மக்கள் பங்கேற்புக்கு ஆதாரம் கேட்டார்கள். யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தனியாகப் போகிறோம் என்பதைச் செல்பேசி எண்ணோடு எழுதி இணைத்தோம். அந்தப் புத்திகெட்ட காரியத்தைச் செய்தது நான்தான். கோடு போட்டு, அழகாக எழுதினேன்.

4. நேற்று வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு உறுப்பினர் வேலுமணி சதுப்புக்குப் போனார். மண் தள்ளும் இயந்திரத்தின் பக்கத்தில் இருவர் நின்றிருக்கிறார்கள். ஒருவர் கையில் என் கையெழுத்திலான பட்டியலின் நகல். அவர் சொன்னது: "வாங்க வேலுமணி. வியாழக்கெழம ஒங்க மொறைதான? சனிக்கெழம அந்தப் பிள்ள வரும்ல, நாங்க வெள்ளனே வந்து காத்துக் கெடப்போம்னு சொல்லிருங்க."

5. அடிக்கவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மறுக்கப் பயந்து அவர் குடித்திருக்கிறார். அடி விழாததால் புகார் எழுத முடியாது என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

6. வேலுமணி வீட்டைப் பூட்டிக்கொண்டு பாச்சலூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை முறைக்காரர் கந்தம்மாள் குறிப்பேட்டை என் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினார். மிச்சம் நான் ஒருத்தி. நேற்றிலிருந்து எண் தெரியாத அழைப்புகள் வருகின்றன. எடுத்தால் யாரும் பேசுவதில்லை.

7. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. ஆனால் ஒரு சனிக்கிழமை நான் போகாவிட்டால், அடுத்த சனிக்கிழமை போவதற்குச் சதுப்பு இருக்காது.

8. பட்டியலைக் கொடுத்தவர் யார் என்று எழுத்தில் தெரிவியுங்கள். மண் கொட்டுவதை இன்றே நிறுத்துங்கள். நாளை சனிக்கிழமை, காலை ஆறு மணி, என் முறை. உங்கள் அலுவலகத்திலிருந்து என்னுடன் வருபவர் யார்?

இடம்: பூண்டி
நாள்: 13.06.2025

இப்படிக்கு,
சி. லாவண்யா

இணைப்பு: இம்முறை எதுவும் இல்லை.