உளிக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம்

சிக்ஸ்டன்,

உமேயோவுல இருக்கற அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். சாவி உன் பழைய பூட்ஸுக்குள்ள. அவிச்ச உருளைக்கிழங்கு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. மீன் இல்ல, ஏன் இல்லன்னு உனக்கே தெரியும்.

ஆமா, உப்பிக் கிடந்த புளிச்ச மீன் டப்பாவ உன் நல்ல உளியால நெம்பினது நான்தான். முனை மழுங்கிடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா டப்பா வெடிச்சு என் தலையெல்லாம் மீன் தண்ணி சொட்டுது, ஓடி வந்த நீ என்ன செஞ்ச? "கண்ணு, வலிக்குதா?"ன்னு கேட்ட. உளிகிட்ட! ராத்திரி அதை என் தலையணையில வேற தூங்க வச்ச.

"எஃகோட தரம் முனையில தெரியும், சுத்தியலோட தரம் கைப்பிடியில தெரியும்"னு கடைக்காரனுக்கே பாடம் எடுப்பியே, பொண்டாட்டி மூஞ்சில ஒண்ணும் தெரியலையா?

பக்கத்து வீட்டு ஹோல்கர் குறடு கேட்டு வருவான். நல்லதையே குடு. இரவல் குடுக்கன்னே நீ வாங்கி வச்ச மட்டமான குறடு போன தடவை ஆணிய விட்டுட்டு அவன் விரலக் கடிச்சுது.

பட்டறைச் சுவத்துல ஒவ்வொரு கருவியையும் சுத்திக் கோடு போட்டு வச்சிருக்க. ஒரு திருப்புளி அந்தக் கோட்டுக்குள்ள இல்லன்னாலும் ஊரைக் கூட்டுவ. அதான், உளிக்குப் பக்கத்துல சாய்ஞ்சு நின்னு என்னையும் சுத்திக் கோடு போட்டுட்டேன். காலியா இருக்கறது கண்ணுல பட்டா வந்து கூட்டிட்டுப் போ.

சோல்வெய்

பி.கு. வலது கை கோணல். தனியா வரையறது கஷ்டம்.

இன்னொண்ணு: அந்த இடத்துல புது ரம்பம் மாட்டிடலாம்னு நினைக்காத. உன்கிட்ட இருக்கறது எல்லாத்தையும் வச்சுப் பாத்துட்டேன். எதுவும் பத்தல.